பென்சிலால் நிரப்பிய புருவம்

போன மாதம் ஒரு மாணவனின் புருவத்தைப் பென்சிலால் நிரப்பினேன். 11ஆம் வகுப்புப் பையன். இடது புருவத்தின் வால் பக்கம் மெல்லியதாக ஒரு கோடு மழித்திருந்தான், தீக்குச்சி அகலம்தான் இருக்கும். முடி நீளமாக இருந்தால் வெட்டிவிட்டு வா என்று திருப்பி அனுப்பலாம். மழித்த முடியை என்ன செய்வது? ஒழுங்குக் குழுவில் இருந்த ஒருவர் தன் கைப்பையிலிருந்து புருவப் பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார். அன்று வாசலில் நிற்கும் முறை எனக்கு. வாங்கி நிரப்பினேன்.

அவன் எதிர்த்துப் பேசவில்லை, கெஞ்சவும் இல்லை. நான் வரைந்து முடிக்கும்வரை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றான். முகத்தில் ஒரு அசைவும் கிடையாது. முடிந்ததும் "தேங்க்ஸ் மிஸ்" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போனான். பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெண் "கெத்து" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

நான் வரலாறு நடத்துகிறவள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த முகத்தை ஏற்கெனவே எங்கோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன்.

'கூல்' என்ற சொல்லை இன்று நாம் சொல்கிற பொருளில் பரப்பியவர் என்று அமெரிக்க சாக்ஸஃபோன் கலைஞர் லெஸ்டர் யங்கைச் சொல்வார்கள். கறுப்பினக் கலைஞர்கள், தாங்கள் வாசிக்கிற பல கிளப்புகளிலேயே முன்வாசல் வழியாக நுழைய முடியாமல் இருந்த காலம் அது. அவமானப்படுத்துகிறவனிடம் கோபத்தைக் காட்டினால் வேலை போகும், சில ஊர்களில் உயிரே போகும். அதற்காகச் சிரித்துக் குழைந்து நிற்கவும் மனம் ஒப்பாது. கோபத்தைக் காட்டவும் வழியில்லை, பணிந்துபோகவும் மனமில்லை என்றால் மிச்சம் இருப்பது அசையாத ஒரு முகம்தான். அறைக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி, தங்களுக்குள் மட்டும் புரிகிற சொற்கள், தாழ்ந்த குரல். உன்னால் என்னைத் தொட முடியாது என்பதை வாய் திறக்காமல் சொல்வது. ஆப்பிரிக்காவின் யொரூபா மொழியில் குளிர்ச்சிக்கும் மன அமைதிக்கும் ஒரே சொல்தான் என்று கலை வரலாற்றாளர் ராபர்ட் ஃபாரிஸ் தாம்சன் எழுதியிருக்கிறார். நாமும் உள்ளம் குளிர்ந்தது என்றுதானே சொல்கிறோம். எனக்கு அதைப் படித்தபோது சிலிர்த்தது.

உடைக்கு வருகிறேன். 1942இல், போருக்காகத் துணியைச் சேமிக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு ஆண்களின் உடைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. முழங்கால்வரை தொங்குகிற கோட்டும், தொடையில் அகன்று கணுக்காலில் இறுகுகிற கால்சட்டையுமாக இருந்த 'ஸூட் சூட்' அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. மெக்சிக அமெரிக்க இளைஞர்களும் கறுப்பின இளைஞர்களும் அதை விடாமல் உடுத்தினார்கள். 1943 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸில் கடற்படையினரும் ராணுவத்தினரும் கூட்டமாகக் கிளம்பி, திரையரங்குகளுக்குள்ளும் டிராம்களுக்குள்ளும் நுழைந்து அவர்களை இழுத்துப்போட்டு அடித்தார்கள். அடித்ததோடு விடவில்லை. கோட்டைக் கழற்றிக் கிழித்தார்கள், பலரின் முடியையும் வெட்டினார்கள். போலீஸ் பெரும்பாலும் கைது செய்தது அடிபட்டவர்களைத்தான். ஆளை அடித்த பிறகும் துணியைக் கிழிக்க வேண்டும் என்று தோன்றியது பாருங்கள், அந்த இடத்தில்தான் என் மனம் நின்றுவிடுகிறது.

அதே ஆண்டுகளில் ஜெர்மனியின் ஹாம்பர்கில், 'ஸ்விங்' என்ற ஜாஸ் நடன இசையின் பெயரால் அழைக்கப்பட்ட 'ஸ்விங்' இளைஞர்கள் இருந்தார்கள். பலரும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். ஹிட்லர் இளைஞர் அணியின் சீருடையும் அணிவகுப்பும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பையன்கள் முடியை நீளமாக வளர்த்தார்கள், ஆங்கிலேய பாணிக் கோட்டு போட்டுக்கொண்டு கையில் மடக்கிய குடையோடு நடந்தார்கள். பெண்கள் உதட்டுச் சாயமும் நகப்பூச்சும் போட்டுக்கொண்டார்கள். தடை செய்த ஜாஸ் இசைக்கு ஆடினார்கள். அரசை எதிர்த்துத் துண்டறிக்கை கொடுத்தவர்கள் மிகச் சிலர்தான். ஆனால் 1942 ஜனவரியில் நாஜிகளின் எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லர், தனக்குக் கீழிருந்த அதிகாரி ஹைட்ரிக்குக்கு ஒரு கடிதம் எழுதினார்: ஸ்விங் கூட்டத்தின் தலைவர்களை, ஆணானாலும் பெண்ணானாலும், இரண்டு மூன்று ஆண்டுகள் வதைமுகாமில் வைக்க வேண்டும் என்று. சிலர் அப்படியே அனுப்பப்பட்டார்கள்.

சக ஆசிரியர்களிடம் இதைப் பேசினால், "இதுகள் யாரையோ பார்த்துக் காப்பியடிக்குதுங்க, இதுல என்ன கலகம்?" என்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. பங்க் என்ற முரட்டு ராக் இசையைக் கொண்டாடிய லண்டன் இளைஞர்கள் 1976, 77இல் சட்டையைக் கிழித்து ஊக்கு குத்திக்கொண்டார்கள், பிற்பாடு கிழித்தே தைத்த கால்சட்டை கடைக்கு வந்துவிட்டது. இதைவிட என்னை வருத்துவது ஸ்கின்ஹெட் கதை. 1960களின் கடைசியில் லண்டனின் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், ஜமைக்காவிலிருந்து வந்த இளைஞர்களின் இசையையும் உடையையும் பார்த்து வளர்த்துக்கொண்ட பாணி அது. பத்து ஆண்டுகள் கழித்து அதே மொட்டைத் தலையையும் கனத்த பூட்ஸையும் ஒரு பகுதியினர் நிறவெறிக்குக் கொண்டுபோனார்கள். கலகத் தோற்றம் இருந்தால் போதும், உள்ளே நியாயம் இருக்கும் என்று நான் நம்பவில்லை.

ஆனாலும் 16 வயதில் ஒரு பிள்ளைக்குச் சொந்தமாக என்ன இருக்கிறது? வீடு பெற்றவர்களுடையது, பகல் பள்ளியுடையது. தன் இஷ்டம் செல்லுபடியாகிற இடம் தன் உடம்பு மட்டும்தான். அதில் தீக்குச்சி அகலம் அவன் எடுத்துக்கொண்டான். அதையும் நான் நிரப்பிவிட்டேன். அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

அடுத்த வாரம் ஒழுங்குக் குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். அவனிடம் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மிஸ்" என்றான், அதே முகத்தோடு. அப்புறம் பாடத்தில் நாஜி ஜெர்மனி வந்தபோது ஹாம்பர்க் பிள்ளைகளைப் பற்றி ஒரு வகுப்பு முழுக்கச் சொன்னேன். மணி அடிக்கும் நேரத்தில் அவன் கை தூக்கினான். புருவத்தில் முடி பாதி வளர்ந்திருந்தது.

"மழை இல்லாதப்பவும் அந்தக் குடையை வச்சிருந்தாங்களா மிஸ்?"

"ஆமாடா, வெயில்லயும்தான்" என்றேன். அன்றுதான் அவன் சிரித்துப் பார்த்தேன்.