ஆண் மார்பகக் குறைப்பு அறுவை: லோக்கலா, அரை மயக்கமா, முழு மயக்கமா?

"லோக்கல்லயே முடிச்சிடலாமே, முழு மயக்கம் எதுக்கு?" கைனகோமாஸ்டியா (ஆண் மார்பக வளர்ச்சி) அறுவைக்கு நாள் குறிக்கும்போது பெரும்பாலானோர் கேட்பது இதைத்தான். மரத்துப்போக ஊசி போட்டால் ஆபத்தில்லை, தூங்க வைத்தால்தான் ஆபத்து என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அது பாதிதான் சரி. அளவு மீறிய லோக்கல் மருந்து இதயத்தையே நிறுத்திவிடும். மயக்க மருத்துவர் கூடவே இருந்து கவனிக்கும் முழு மயக்கமோ, ஆரோக்கியமான ஓர் இளைஞருக்கு மிகவும் பாதுகாப்பானது. உங்கள் மார்பில் எந்தத் திசு எவ்வளவு இருக்கிறது, தூக்கத்தில் உங்கள் மூச்சு எப்படி இருக்கும், என்னென்ன மருந்து உடம்புக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்ற மூன்றையும் பார்த்துத்தான் முறையை முடிவு செய்ய வேண்டும்.

திசுவிலிருந்து தொடங்குவோம். ஆண் மார்பு வீங்கியிருக்கும்போது சுற்றிலும் மெத்தென்ற கொழுப்பும், காம்புக்கு நேர் கீழே ரப்பர் வில்லை போன்ற கெட்டியான சுரப்பியும் இருக்கும். கொழுப்பைச் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயால் உறிஞ்சி எடுத்துவிடலாம். சுரப்பி அப்படி வராது. காம்பு வட்டத்தின் கீழ் விளிம்பில் கீறி, கத்தியாலோ கத்தரியாலோ வெட்டித்தான் எடுக்க வேண்டும். மரத்துப்போகும் திரவம் கொழுப்புக்குள் எளிதாகப் பரவும். நார் நிறைந்த சுரப்பிக்குள் அது இறங்குவதில்லை. லோக்கலில் செய்துகொண்டவர்கள் "மத்ததெல்லாம் ஒண்ணுமில்ல, காம்புக்கு அடியில வெட்டும்போதுதான் உயிர் போச்சு" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

நரம்புகளின் அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. மார்பின் தோலுக்கு இரண்டாவது முதல் ஆறாவது வரையிலான விலா இடை நரம்புகள் வருகின்றன. காம்புக்கு முக்கியமாக நான்காவது. ஒவ்வொன்றும் அக்குள் பக்கமாக ஒரு கிளையும், நெஞ்செலும்பின் ஓரமாக இன்னொரு கிளையும் அனுப்புகிறது. காறை எலும்புக்குக் கீழே உள்ள பகுதிக்குக் கழுத்திலிருந்து தனி நரம்புகள் இறங்கி வருகின்றன. ஒரே இடத்தில் குத்தி மார்பு முழுவதையும் மரக்க வைக்க முடியாது.

இனி டியூமசென்ட் முறை, அதாவது மரக்கும் மருந்தை நிறைய உப்புநீரில் நீர்த்துத் திசுவுக்குள் பாய்ச்சுவது. தோல் மருத்துவர் ஜெஃப்ரி க்ளைன் 1987-இல் விவரித்த உத்தி இது. 1 லிட்டர் உப்புநீர் பையில் லிக்னோகெயின் 500 முதல் 1000 மி.கி., அட்ரீனலின் 1 மி.கி., சோடியம் பைகார்பனேட் 8.4 சதவீதக் கரைசல் 10 மி.லி. கலப்பார்கள். லிக்னோகெயின் மரக்க வைக்கும். அட்ரீனலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, ரத்தக் கசிவைக் குறைத்து, லிக்னோகெயின் ரத்தத்தில் கலக்கும் வேகத்தையும் தாமதப்படுத்தும். பைகார்பனேட் இறங்கும்போது ஏற்படும் எரிச்சலைத் தணிக்கும். மார்பில் நார் அதிகம் என்பதால் பலர் 1000 மி.கி. கலவையையே விரும்புகிறார்கள். இதைக் கலக்கும்போதுதான் பெரிய பிழைகள் நடக்கின்றன. 1 சதவீத லிக்னோகெயின் 50 மி.லி. என்றால் 500 மி.கி.; 2 சதவீதம் 50 மி.லி. என்றால் 1000 மி.கி. குப்பியின் லேபிளை ஒருவர் படிக்க இன்னொருவர் சரிபார்த்து, பையின் மேல் மில்லிகிராமை எழுதி ஒட்ட வேண்டும். எழுதாத பையை யாரும் தொடக்கூடாது.

திரவம் உடல் சூட்டில் இருக்க வேண்டும். குளிர்ந்திருந்தால் வலியும் அதிகம், நடுக்கமும் வரும். முதலில் மிக மெல்லிய ஊசியால் அக்குள் முன்மடிப்பிலும் மார்பின் கீழ் ஓரத்திலும் தோலில் சிறு கொப்புளம் போல லோக்கல் போட்டு, அந்த இடத்தில் சிறிய துளையிட்டு, முனை மழுங்கிய குழாயை உள்ளே விடுவார்கள். முதலில் ஆழத்தில் தசை உறைக்கு மேலே, பிறகு படிப்படியாகத் தோலுக்கு அருகில், விசிறி விரிப்பது போலத் திருப்பித் திருப்பி மெதுவாகப் பாய்ச்ச வேண்டும். அவசரப்பட்டுத் தள்ளினால் நோயாளி துள்ளுவார். சரியான அளவு இறங்கியதும் மார்பு விறைத்து, தோல் வெளுத்து, தொட்டால் இறுகிய பந்து போலிருக்கும். காம்புக்குக் கீழே மட்டும் தனியாக, சற்று அடர்த்தியான லிக்னோகெயினை ஊசியால் சுரப்பியின் அடிப்பக்கத்தில் போட வேண்டும். இந்த ஒரு படியை விட்டால் மற்றதெல்லாம் வீண். அதன்பின் குறைந்தது 15 முதல் 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். பொறுமையில்லாமல் 5 நிமிடத்தில் கத்தியை எடுத்தால் வலியும் கூடும், ரத்தமும் கூடும்.

அளவைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சாதாரணமாக ஊசியில் போடும் லிக்னோகெயினுக்கு, அட்ரீனலின் சேர்ந்திருந்தால் கிலோவுக்கு 7 மி.கி. வரைதான் வரம்பு. நீர்த்த டியூமசென்ட் முறையில் 35 மி.கி. வரை பாதுகாப்பு என்று க்ளைன் 1990-இல் காட்டினார். 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 2450 மி.கி. பக்கத்துக்கு 500 மி.லி. வீதம் 1000 மி.கி. கலவை முழுப் பையும் போனால் கிலோவுக்கு 14 மி.கி.தான் ஆகிறது, வரம்புக்கு வெகு கீழே. ஆனால் மார்போடு வயிறும் இடுப்பும் சேர்த்து ஒரே நாளில் உறிஞ்சிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தால் அந்த இடைவெளி மளமளவென்று கரைந்துவிடும். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் முடிக்கச் சொல்லி மருத்துவரை நெருக்காதீர்கள்.

ஈரல் கெட்டுப்போனவர்களுக்கு ஆண் மார்பகம் வளர்வது உண்டு. லிக்னோகெயினைச் சிதைத்து வெளியேற்றுவதும் அதே ஈரல்தான். எனவே ஈரல் நோயால் மார்பு வளர்ந்தவருக்கு இந்த வரம்புகள் பொருந்தாது. வெகுவாகக் குறைக்க வேண்டும். ஃப்ளூவாக்ஸமின், கிளாரித்ரோமைசின், கீட்டோகோனசோல், ப்ரோப்ரனலால் போன்ற மருந்துகளும் லிக்னோகெயின் வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். மாத்திரைச் சீட்டை அப்படியே எடுத்துக்கொண்டு போவது நல்லது.

அளவு மீறினால் முதலில் உதட்டைச் சுற்றி மரப்பு, வாயில் உலோகச் சுவை, காதில் ரீங்காரம், தலைச்சுற்றல், பேச்சுக் குழறல். பிறகு வலிப்பு. அதற்குப் பின் இதயத் துடிப்பு தாறுமாறாகும். இதற்கு மாற்று மருந்து: 20 சதவீதக் கொழுப்புக் கரைசல், கிலோவுக்கு 1.5 மி.லி. உடனே ரத்த நாளத்தில், 70 கிலோ எடைக்கு ஏறக்குறைய 100 மி.லி. லோக்கல் மட்டும் கொடுக்கும் சிறிய கிளினிக்காக இருந்தாலும் இது அலமாரியில் இருந்தே ஆக வேண்டும். இருக்கிறதா என்று கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

லோக்கலில் இன்னொரு தொல்லை, பயம். உடற்பயிற்சியால் இதயத் துடிப்பு இயல்பிலேயே குறைவாக உள்ள திடகாத்திரமான இளைஞர்கள்தான் ஊசியைக் கண்டதும் சட்டென்று வெளிறி, வியர்த்து, துடிப்பு 40-க்குக் கீழே இறங்கி மயங்கி விழுவார்கள். கையில் ரத்த நாளத்தில் ஊசி முன்பே போட்டு, படுக்க வைத்தே தொடங்கினால், காலை உயர்த்தி, துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் கொடுத்துச் சில நிமிடத்தில் சரிசெய்துவிடலாம்.

அதனால்தான் பல இடங்களில் லோக்கலோடு செடேஷனை, அதாவது அரை மயக்கத்தைச் சேர்க்கிறார்கள். பதற்றம் தணிக்க மிடாசோலம் 1 முதல் 2 மி.கி., வலிக்கு ஃபென்டனில் 50 முதல் 100 மைக்ரோகிராம், தேவைக்கேற்பத் தூக்க மருந்தான ப்ரோபஃபால் சொட்டு. டெக்ஸ்மெடிடோமிடின் என்ற இன்னொரு தூக்க மருந்து மூச்சை அதிகம் அடக்காது என்பதால் சிலருக்கு அது பிடித்தமான தேர்வு. நல்ல செடேஷனில் நீங்கள் தூங்கி வழிவீர்கள், பெயர் சொல்லி அழைத்தால் கண் திறப்பீர்கள். சுரப்பியை வெட்டும்போது வலித்து நீங்கள் அசைய, அதை அடக்க மேலும் மருந்து, நாக்கு பின்னால் சரிய, குறட்டை, ஆக்சிஜன் இறக்கம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் அது சறுக்கல். செடேஷன் என்ற பெயரில், மூச்சுக்குப் பாதுகாப்பில்லாத முழு மயக்கமாக அது மாறிவிட்டது. இந்த நிலைமை லோக்கலைவிடவும் முழு மயக்கத்தைவிடவும் மோசம். வலிக்கு விடை கூடுதல் லோக்கல். கூடுதல் தூக்க மருந்து அல்ல. மருந்தைச் செலுத்துபவரும் அறுவை செய்பவரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது. வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடு அலைவடிவம் திரையில் ஓட வேண்டும்; விரலில் மாட்டும் கருவி மட்டும் போதாது, அது தாமதமாகத்தான் சொல்லும்.

மூக்கு வழி ஆக்சிஜன், பக்கத்திலேயே மின்சூட்டுக் கருவி, மேலே துணி: தீப்பிடிக்க வேண்டிய மூன்றும் மார்பு அறுவையில் ஒரே இடத்தில் கூடிவிடுகின்றன. ஆக்சிஜனை 30 சதவீதத்துக்குக் கீழே வைத்துச் சமாளிக்க முடியாதென்றால் ஆக்சிஜன் வெளியே கசியாதபடி மாஸ்க்கோ டியூபோ வைத்த முழு மயக்கத்துக்குப் போய்விடுவதே நல்லது.

அல்ட்ராசவுண்ட் வந்தபின், மார்பின் நரம்புகளை மரக்க வைக்கத் தசை இடுக்கில் போடும் பெக்ஸ் பிளாக் என்ற ஊசி பரவலாகியிருக்கிறது. 2011, 2012-இல் மயக்க மருத்துவர் ரஃபேல் பிளாங்கோ விவரித்தது. பெரிய மார்புத் தசைக்கும் சிறிய தசைக்கும் நடுவே 10 மி.லி., சிறிய தசைக்கும் விலாவை ஒட்டிய செரேட்டஸ் தசைக்கும் நடுவே 20 மி.லி. அறுவைக்குப் பின் பல மணி நேரத்துக்கு வலியைக் குறைப்பதில் இது கெட்டிக்காரத்தனமான வழி. ஆனால் இதை மட்டும் நம்பி அறுவை செய்ய முடியாது. நெஞ்செலும்புப் பக்கத்துக் கிளைகள் தப்பிவிடும். கணக்கிலும் பொறி உண்டு. இரண்டு பக்கமும் சேர்த்து 60 மி.லி., 0.25 சதவீத புபிவாகெயின் (நீண்ட நேரம் மரக்க வைக்கும் மருந்து) என்றால் 150 மி.கி. கிலோவுக்கு 2 மி.கி. என்று வைத்தால் 70 கிலோ எடையுள்ளவருக்கு 140 மி.கி.தான் இடமிருக்கிறது. ஒரு பக்கத்துக்கான அளவை அப்படியே இரட்டிப்பாக்கினால் வரம்பு தாண்டிவிடும், அதன்மேல் டியூமசென்ட் லிக்னோகெயின் வேறு. இரண்டின் நச்சும் கூடிக்கொள்ளும். எனவே 0.2 சதவீத ரோபிவாகெயின் என்ற வேறு மரக்கும் மருந்துக்கு மாறுவதோ, அளவைக் குறைப்பதோதான் முறை. முதுகெலும்பை ஒட்டிய பாராவெர்டிப்ரல் ஊசியும் மார்பு எபிடூரலும் உண்டு. நுரையீரல் குத்துப்படும் அபாயத்தையும் ரத்த அழுத்தச் சரிவையும் பார்த்தால், ஒன்றரை மணி நேர அறுவைக்கு அவை அவ்வளவாகப் பொருந்துவதில்லை.

முழு மயக்கம் யாருக்கு? சுரப்பி பெரிதாகவும் கெட்டியாகவும் இருப்பவர்கள், தொங்கும் தோலை வெட்டி எடுக்க வேண்டியவர்கள், மறு அறுவைக்கு வருபவர்கள் (வடு திசுவில் திரவம் பரவாது), ஊசிப் பயம் மிகுந்தவர்கள். ப்ரோபஃபால் கிலோவுக்கு 2 மி.கி. அளவில் தூங்க வைத்து, மூச்சு வழியைத் திறந்து வைக்கத் தொண்டையில் லாரிஞ்சியல் மாஸ்க் என்ற குழாய் வைத்தால் பெரும்பாலானோருக்குப் போதும்; ஆண்களுக்கு 4 அல்லது 5 எண். உடல் பருமன், தூக்கத்தில் மூச்சுத் தடை, நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு மூச்சுக் குழலுக்குள் டியூப்தான் சரி. முழு மயக்கம் என்றாலும் டியூமசென்ட் திரவத்தை விடக்கூடாது. ரத்தக் கசிவு குறைவதற்கும், விழித்தபின் வலி தெரியாதிருப்பதற்கும் அதுவே துணை.

கைகளை விரித்து வைக்கும் கோணம் 90 பாகையைத் தாண்டினால் தோள் நரம்புக் கற்றை இழுபட்டு, விழித்ததும் விரல்கள் மரத்திருக்கும். இரு பக்கமும் சமமா என்று பார்க்க நடுவில் மேசையை உட்காரும் நிலைக்கு உயர்த்துவார்கள். அப்போது அழுத்தம் சரியும், மாஸ்க் நகரலாம். மயக்க மருத்துவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, மெல்ல உயர்த்த வேண்டும்.

எங்கள் பார்வையில், முழு மயக்கத்தின் தரம் கடைசி 10 நிமிடத்தில்தான் தெரியும். இந்த அறுவையின் முக்கியத் தொல்லை ரத்தக்கட்டு. அறுவை முழுக்க ரத்த அழுத்தம் (மேல் எண்) 95-இல் இருந்திருக்கும், அட்ரீனலின் குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும். அறுவை செய்யும் இடம் வறண்டு, அழகாகத் தெரியும். தையல் போட்டு முடித்து, டியூப் தொண்டையை உறுத்த, நோயாளி இருமி முக்கி எழுந்தால் அழுத்தம் 160-க்குத் தாவும். சுருங்கியிருந்த சிறு குழாய் ஒன்று திறந்துகொள்ளும். சுரப்பி எடுத்த வெற்றிடம் ரத்தத்தால் நிரம்பும். ஆகவே மூடுவதற்கு முன் அழுத்தத்தை நோயாளியின் வழக்கமான அளவுக்கு உயர்த்தி, கசியும் இடங்களைத் தேடிச் சுட வேண்டும். பிறகு இருமலின்றி எழுப்ப வேண்டும். இருமலைத் தடுக்க லிக்னோகெயினை ரத்த நாளத்தில் கொடுக்கும் வழக்கம் சிலருக்கு உண்டு. உடம்பில் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று கூட்டிப் பார்க்காமல் கொடுக்கக்கூடாது. வாந்தியும் அதே கேட்டைச் செய்யும் என்பதால் டெக்ஸாமெதசோனும் ஒன்டான்செட்ரானும் முன்பே கொடுத்துவிடுவது நல்லது.

மயக்க மருத்துவரிடம் மறைக்கக்கூடாதவை சில உண்டு. ஜிம்முக்காக எடுத்த அனபாலிக் ஸ்டீராய்டு: இதயத் தசை தடித்திருக்கலாம், ரத்தம் கெட்டிப்பட்டிருக்கலாம், அழுத்தம் கூடியிருக்கலாம், ஈசிஜியும் ரத்த அணு எண்ணிக்கையும் பார்க்காமல் போகக்கூடாது. ஸ்பைரனோலாக்டோன் சாப்பிட்டு மார்பு வளர்ந்தவருக்குப் பொட்டாசியம் அளவு பார்க்க வேண்டும். கஞ்சா தொடர்ந்து பயன்படுத்துபவருக்குத் தூக்க மருந்து கூடுதலாகத் தேவைப்படும். செமாக்ளுடைட் போன்ற எடைக் குறைப்பு ஊசி போடுபவரின் வயிறு, பட்டினி கிடந்தும் காலியாகாமல் இருக்கலாம். குடும்பத்தில் யாருக்காவது மயக்கத்தின்போது காய்ச்சல் தீயாக ஏறியதுண்டா என்பதையும் சொல்லுங்கள். திட உணவுக்கு 6 மணி, தண்ணீருக்கு 2 மணி இடைவெளி என்பது செடேஷனுக்கும் பொருந்தும். "வெறும் லோக்கல்தானே" என்று சாப்பிட்டுவிட்டு வந்தால், நடுவில் முறையை மாற்ற வேண்டி வரும்போது கதவு அடைபட்டிருக்கும்.

வீட்டுக்குப் போனபின்: டியூமசென்ட் லிக்னோகெயின் ரத்தத்தில் உச்சத்தை எட்டுவது ஏறக்குறைய 8 முதல் 14 மணி நேரம் கழித்து. காலையில் அறுவை என்றால் அந்த நேரம் மாலையோ இரவோ, நீங்கள் வீட்டில் படுத்திருக்கும்போது வரும். அந்த இரவு தனியாக இருக்காதீர்கள், 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டாதீர்கள். கூட இருப்பவரிடம் இரண்டு அடையாளங்களைச் சொல்லி வையுங்கள். நாக்கு மரத்து, காது ரீங்கரித்து, பேச்சு குழறினால் ஆம்புலன்ஸை அழைத்து நேரே அவசரப் பிரிவு. ஒரு பக்க மார்பு மட்டும் திடீரென்று இறுகி வீங்கி, மறுபக்கத்தைவிட வலித்தால் நேரம் பார்க்காமல் அறுவை மருத்துவருக்கு போன்.