வலப்பக்கம் கிளாரிஸ், இடப்பக்கம் பழசு

வலது தோள் மக்கர் பண்ணியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஃப்ரோசன் ஷோல்டர். சர்க்கரை இருக்கிறவர்களுக்கு அதிகம் வரும் என்றார் டாக்டர். சட்டையை மாட்ட முடியவில்லை, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க முடியவில்லை. அதையெல்லாம் எப்படியோ சமாளித்தேன். சைக்கிளில் கியர் மாற்றக் கையைக் கீழே இறக்கும்போதுதான் தோளுக்குள் ஸ்க்ரூ டிரைவரை விட்டுத் திருகுவது போல இருந்தது.

என் வண்டியில் கியர் லீவர் ஹேண்டிலில் கிடையாது. ஹேண்டிலுக்குக் கீழிருந்து பெடலை நோக்கிச் சாய்ந்து இறங்குகிற குழாயில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன லீவர்கள். ஒரு கையை எடுத்து, குனிந்து, துழாவித் தள்ள வேண்டும். எண்பதுகளின் ரேஸ் சைக்கிள்கள் பெரும்பாலும் அப்படித்தான்.

வண்டி பேனசோனிக். 2008-ல் ஜப்பானில் இரண்டு வருட வேலை முடிந்து திரும்பும்போது, பழைய சாமான் கடையில் வாங்கி, கழற்றிப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தேன். எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் பெயரைப் பார்த்துவிட்டு, "பேட்டரி வண்டியா சார்?" என்று இன்றைக்கும் கேட்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அந்தக் கம்பெனியை ஆரம்பித்த மட்சுஷிடா சின்ன வயதில் ஒசாகாவில் ஒரு சைக்கிள் கடையில் எடுபிடியாக இருந்தவர்தான். ஆரம்ப காலத்தில் அவருக்குப் பேர் வாங்கித் தந்ததும் சைக்கிள் விளக்கு.

கியர் சாமான் எல்லாம் ஷிமானோ என்ற ஜப்பான் கம்பெனியின் 105, 1050 வரிசை. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளுகிற பின் டிரெய்லரின் (derailleur) முதுகில் 'எல்சி' என்று இரண்டு எழுத்து குத்தியிருக்கும். முதல் எழுத்து வருடம், 1976-ஐ 'ஏ' என்று வைத்து எண்ண வேண்டும். இரண்டாவது மாதம். அப்படிப் பார்த்தால் 1987 மார்ச். எங்கள் வீட்டுக் கலர் டிவியைவிட மூத்தது, அந்த டிவி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது.

முதலில் பின்னால் ஆறு பல்சக்கரம் இருந்தது. தேய்ந்துபோனபோது அதே ஃப்ரீவீல், அதாவது அந்தப் பல்சக்கரக் கட்டு, இங்கே கிடைக்கவில்லை. ஏழு பல்சக்கர ஃப்ரீவீல், 14 பல்லில் தொடங்கி 28 பல் வரை, எந்த சைக்கிள் கடையிலும் கிடைக்கும். அதையே மாட்டினேன். பின் வீலுக்கு 126 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள ஃப்ரேமில் இடிக்காமல் உட்கார்ந்தது. ஆனால் லீவர் ஆறுக்கான 'கிளிக்' உள்ளது. அதன் வளையத்தைத் திருப்பி, கிளிக்கே இல்லாமல் வழுக்கிப் போகிற மாதிரி வைத்துக்கொண்டேன். பத்து வருடமாகக் காதால்தான் கியர் போட்டேன். செயின் கரகரவென்றால் இன்னும் ஒரு மயிரிழை இழு, சத்தம் அடங்கினால் விடு. பழகிவிட்டால் அதில் ஒரு சுகம் உண்டு. தோள் நன்றாக இருந்திருந்தால் நான் எதையும் மாற்றியிருக்க மாட்டேன்.

பிரேக் லீவருக்குள்ளேயே கியரும் இருக்கும் ஷிஃப்டரை ஷிமானோ 1990-ல் கொண்டுவந்தது. என் வண்டி மூன்று வருடத்தில் அதைத் தவறவிட்டிருக்கிறது. இப்போது அதைப் போடலாம் என்று கிளம்பினால் ஆளுக்கு ஒரு யோசனை. ஞாயிற்றுக்கிழமை கூட ஓட்டும் நண்பர் பின்னால் பதினொரு பல்சக்கரத்துக்குப் போகச் சொன்னார், அதற்குப் புது வண்டியே வாங்கிவிடலாம். ஒரு கடைக்காரர், "ஃப்ரேமை இழுத்து விரிச்சு 130 வீல் போட்டுடலாம் சார், ஸ்டீல்தானே" என்றார். ஸ்டீல்தான், விரியும்தான். ஆனால் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் நேராக நிற்கும் ஒன்றை நாலு மில்லிமீட்டருக்காக வளைக்க எனக்கு மனசு வரவில்லை.

கடைசியில் எடுத்தது ஷிமானோவின் கிளாரிஸ் ஆர்2000, எட்டு பல்சக்கரத்துக்கான ஷிஃப்டர், ஒருவர் தன் வண்டியிலிருந்து கழற்றி விற்றது. ஏழுக்கு எட்டா என்று கேட்பீர்கள். கணக்கு இதுதான். ஏழு வரிசையில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவிலிருந்து நடு 5 மில்லிமீட்டர். எட்டு வரிசையில் 4.8. அதாவது என் ஷிஃப்டர் ஒவ்வொரு கிளிக்குக்கும் 0.2 குறைவாக நகர்த்தும். ஆறு தாவலுக்கு மொத்தம் 1.2. நடுவில் இருக்கும் நாலாவது பல்சக்கரத்தில் சரியாகப் பொருத்திவிட்டால் இரண்டு ஓரத்திலும் ஆளுக்கு 0.6 தான் தப்பும். அந்தக் காலத்து டிரெய்லரில் செயின் ஓடும் மேல் உருளை பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுகிற மாதிரிதான் செய்யப்பட்டிருக்கிறது, மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். டிரெய்லர் ஷிமானோவின் பழைய டூரா-ஏஸ் 7400 ஆக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, அதன் இழுவை, அதாவது கேபிளை இழுத்தால் அது நகரும் அளவு, வேறு. 105-க்குச் சரி.

வேலையை ஒரு சனிக்கிழமை ஆரம்பித்தேன். பார் டேப்பைப் பிரித்து, பழைய பிரேக் லீவரைக் கழற்றி, புதியதை மாட்டினால் அது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. பழைய ஹேண்டிலின் வளைவு வேறு. இரண்டு விரல் அளவு மேலே ஏற்றிய பிறகுதான் கை சமமாக உட்கார்ந்தது. குழாயில் வலப்பக்க லீவர் இருந்த இடத்தில் அதைக் கழற்றிவிட்டு, கேபிளை நிறுத்தும் ஒரு சின்ன அலுமினியத் துண்டை மாட்ட வேண்டும், தலையில் திருகு வைத்தது. தோள் வலியோடு கேபிள் அவுட்டரை, அதாவது கேபிள் உள்ளே ஓடும் உறையை, வெட்ட முடியாததால், அந்த வேலையை மட்டும் ஒரு கடையில் கொடுத்தேன்.

அங்கேதான் சறுக்கியது. ஸ்டாண்டில் வைத்துச் சுற்றினால் ஏழும் விழுந்தன. தெருவுக்கு வந்து முதல் திருப்பத்தில் ஹேண்டிலை ஒடித்தேன், கியர் தானாக மாறியது. நேராக்கினால் பழைய இடத்துக்கு வந்தது. திருகை இப்படி அப்படித் திருகிப் பார்த்ததில் ஒரு ஞாயிறு போயிற்று. அப்புறம்தான் அவுட்டரின் முனையை உற்றுப் பார்த்தேன். உள்ளே கம்பி ஸ்பிரிங் போலச் சுருண்டிருந்தது. கடைக்காரர் பிரேக் அவுட்டரைப் போட்டிருக்கிறார்!

கியர் அவுட்டரை வெட்டிப் பார்த்தால் துடைப்பக் கட்டு போல மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் நிற்கும். வளைத்தாலும் அதன் நீளம் மாறாது. பிரேக் அவுட்டர் சுருள், வளைத்தால் நீளம் மாறும். பிரேக்குக்கு அது பொருட்டில்லை. கிளிக்குக்கு அரை மில்லிமீட்டரும் பொருட்டுதான். மாற்றிப் போடுவது இன்னும் மோசம், கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போட்டால் அழுத்தத்தில் கம்பிகள் பிளாஸ்டிக்கைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிடும். சரியான 4 மில்லிமீட்டர் அவுட்டர் வாங்கி, மகனை வெட்டச் சொல்லி, முனையை அரத்தால் சமப்படுத்தி மாட்டினேன். அன்றோடு தொல்லை ஒழிந்தது.

எட்டாவது கிளிக் ஒன்று உபரி. அதைக் கேபிள் தளரும் பக்கத்தில் விட்டிருக்கிறேன். இறுகும் பக்கத்தில் விட்டால், மறந்துபோய் அழுத்தும்போது டிரெய்லர் முட்டிக்கொண்டு கேபிளை வதைக்கும். இந்தப் பக்கத்தில் மறந்து அழுத்தினால் ஒன்றும் ஆகாது, திரும்பி வர இரண்டு தடவை தள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இடப்பக்கம்? அதைத் தொடவே இல்லை. இடது தோள் நன்றாகத்தானே இருக்கிறது. முன்னால் 52 பல், 42 பல் என்று இரண்டு பல்சக்கரம். சென்னையில் மலை என்றால் மேம்பாலம். கத்திப்பாராவில் ஏறும்போது ஒரு தடவை, இறங்கினதும் ஒரு தடவை, அதற்குக் குழாயில் இருக்கும் பழைய லீவரே போதும். செயின் உரசினால் மயிரிழை நகர்த்திச் சரி செய்யவும் அதில்தான் வசதி. புதிய இடது ஷிஃப்டர் வெறும் பிரேக்காக வேலை பார்க்கிறது. பக்கவாட்டில் தள்ளினால் கேபிள் இல்லாமல் சும்மா கிளிக் கிளிக் என்கிறது. மகன் சோபாவில் உட்காரும் சாக்கில் அதைத் தட்டிக்கொண்டே இருக்கிறான்.

குறை இல்லாமல் இல்லை. பிரேக்கை முன்பைவிட அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. புது லீவருக்கும் 1987 பிரேக்குக்கும் இழுவை ஒத்துப்போகவில்லை. பிரேக் கட்டையை மாற்றினதில் பாதி சரியாயிற்று. பின்னால் பெரிய பல்சக்கரத்தில் லேசாக ஒரு உரசல், அந்த 0.6 அங்கேதான் போய் உட்கார்ந்திருக்கிறது.

போன ஞாயிறு விடிகாலை முட்டுக்காடு பாலம் வரை போய் வந்தேன். எதிர்காற்றில் ஹேண்டிலை விடாமலேயே நாலு, மூணு, ரெண்டு என்று இறக்கினேன். பிசியோதெரபி பண்ணும் அம்மா மூன்று மாதம் சைக்கிள் பக்கமே போகக் கூடாது என்றிருக்கிறார். செவ்வாய்க்கிழமை போனபோது, "கை நல்லா உயருதே, வீட்ல எக்ஸர்சைஸ் ஒழுங்கா பண்றீங்க போல" என்றார். ஆமாம் மேடம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.