பூங்காவில் மரம் அளந்த காலை

இன்று பூங்காவில் மரக் கணக்கெடுப்புக்குப் போயிருந்தேன். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்றிச் சுற்றளவு எடுத்து, 3.14-ஆல் வகுத்தால் விட்டம் வந்துவிடும். பெரிய மரம் ஒன்றைச் சுற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. பட்டை வெடிப்பில் ஏறிக்கொண்டிருந்த எறும்புகளை நசுக்காமல் டேப் வைக்கவே ஐந்து நிமிடம் ஆனது.

அப்புறம் மதிப்பீடு. விறகு விலை ஒரு மதிப்பே இல்லை. 2006-இல் வந்த ஐ-ட்ரீ மென்பொருள், மரம் சேமிக்கும் கார்பன், தாங்கும் மழைநீர், வடிகட்டும் தூசி எல்லாவற்றையும் பணமாகக் கணக்கிடுகிறது.

ஒரு மரத்துக்கு மட்டும் அடிவரை சிமெண்ட் பூசியிருந்தார்கள். 'நிலை: மோசம்' என்று எழுத மனசு வரவில்லை. சிமெண்டை உடைத்துவிட்டால் தேறிவிடும் என்று குறிப்பில் பெரிதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.