சவுண்டு கூடிப்போச்சு

திருவிழா தொடங்கினால் எங்கள் ஒழுங்கையில் விடிய ஐந்து மணிக்கே ஸ்பீக்கர் அலறும். அதில் ஒன்று சரியாக எங்கள் மதிலுக்கு நேரே கட்டியிருக்கிறது. போன கிழமை, தேத்தண்ணியோடு விறாந்தைக் கதிரையில் வந்து இருந்த அம்மா, "என்ன சவுண்டு உது! காது அடைச்சுப் போச்சு" என்றார். டொராண்டோவிலிருந்து வந்திருக்கும் தங்கையின் மகனுக்குச் சிரிப்பு.

"அம்மம்மா, அது சவுண்டு இல்லை, சவுண்ட்."

"ஓம் மோனை, அந்தச் சவுண்டுதான்."

தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவனுக்கு வாய் சும்மா இருக்குமா? நன்னூலை எடுத்தேன். நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் காண்டிகையுரை எழுதிய அதே இலக்கண நூல். சொல்லின் கடைசியில் நிற்கக்கூடியவை 24 என்கிறது: உயிர் 12, ஙகரம் நீங்கலாக மெல்லின இடையின மெய்கள் 11, குற்றியலுகரம், அதாவது அரை மாத்திரையாகக் குறுகும் உகரம், 1. கசடதபற ஆறுக்கும் அங்கே இடமில்லை. 'ட்' என்று நிறுத்தினால் மூச்சு உள்ளேயே நின்றுவிடும். அதை விட்டால் அரை மாத்திரை உகரம் ஒன்று கசியும். அப்படித்தான் சவுண்ட், வண்டு நண்டோடு சேர்ந்து, மெல்லின மெய்யை அடுத்துக் குற்றியலுகரம் வரும் மென்தொடராகிவிட்டது.

ஆனால் அம்மா கல்லு, முள்ளு, நெல்லு என்றும் சொல்வார். ல், ள் இரண்டும் ஈற்றில் தாராளமாக நிற்கலாமே! தனிக்குறிலை அடுத்து வரும் மெய்யை நாக்கு இரட்டித்துவிடுகிறது, இரட்டித்ததை நிறுத்த உகரம் வேண்டியிருக்கிறது. பால், நாள் எல்லாம் நெடில்; அவர் வாயில் அவை அப்படியே இருக்கின்றன. தமிழ்நாட்டு சீரியலில்தான் 'பாலு' கேட்கிறேன்.

மருமகனுக்கு இதெல்லாம் 'எங்கட ஆக்களின்ர பிழை' போலத்தான் பட்டது. சரி, ஆங்கிலத்துக்கே வருவோம் என்றேன். பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்தபோது 'சவுண்ட்' என்ற சொல்லின் கடைசியில் ட் கிடையாது, ஏறக்குறைய 'சூன்'. ன் சொல்லி முடிக்கையில் மூக்கு வழி முந்தி அடைபட்டு, நாக்கு பிந்திப் பிரிந்தால், இடையில் தானாக ஒரு ட் வெடிக்கும். வெள்ளைக்காரனின் நாக்கும் அதைத்தான் செய்தது. முதலில் பிழையென்றுதான் சொல்லியிருப்பார்கள், பிறகு அதுவே எழுத்தாகிவிட்டது.

பையன் போனில் தேடிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அப்ப மாமா, அவங்கள் ஒரு வால் வைச்சாங்கள், நாங்கள் இன்னொண்டு?"

மறுநாள் விடிய, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அறைக்குள்ளிருந்து கத்தினான்: "மாமா, சவுண்டு!"