நள்ளிரவு வாக்கெடுப்பு

'ஸ்க்விட் கேம்' என்ற கொரியத் தொடரின் முதல் பருவம் 2021 செப்டம்பரில் வெளிவந்தது. நான் அதைப் பார்க்கத் தொடங்கியதோ, மூன்றாம் பருவமும் 2025 ஜூனில் வந்து, பேசித் தீர்த்தவர்களெல்லாம் வேறு தொடருக்குப் போய்விட்ட பிறகுதான். இரத்தத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும் என்று வெளியில் காரணம் சொல்லிவந்தேன். ஒன்பது பகுதிகளையும் ஒரே மூச்சில் பார்த்துவிடுவேனோ என்ற பயம்தான் உண்மையான காரணம். அந்தப் பயம் நியாயமானதே என்பது ஒரு சனிக்கிழமை இரவு உறுதியாயிற்று.

கடனில் மூழ்கிய 456 பேரை ஒரு தீவுக்குக் கொண்டுபோய், பச்சை உடை மாட்டி, கொரியச் சிறுவர்களின் விளையாட்டுகளை ஆடவைத்து, தோற்பவர்களைச் சுட்டுக் கொல்கிறார்கள். ஓர் உயிருக்கு 10 கோடி வோன் என்ற கணக்கில், கூரையில் தொங்கும் கண்ணாடி உண்டியலில் பணம் வந்து விழுகிறது. முதல் ஆட்டத்தில் ஒரு ராட்சதப் பொம்மை மரத்தைப் பார்த்துப் பாடிவிட்டுச் சட்டென்று திரும்பும். அப்போது அசைபவர் காலி. நானும் அவர்களோடு மூச்சை அடக்கி உட்கார்ந்துதான் பார்த்தேன். ஆனால் பொம்மை திரும்பும் நேரம் பார்த்துத்தான் என் மூக்கு அரிக்கும். "இதுவரை நீங்கள் மூன்று முறை செத்துவிட்டீர்கள்" என்று என் மனைவி கணக்குச் சொன்னாள்.

அப்பா எங்களோடு தொடரைப் பார்க்கவில்லை என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன். அவர் பக்கத்து நாற்காலியில் செய்தித்தாளை விரித்துப் பிடித்தபடி, "இதையெல்லாம் மனிதன் பார்ப்பானா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரமாகியும் அந்தத் தாளின் பக்கம் மட்டும் புரளவில்லை.

முதல் ஆட்டத்தில் 255 பேர் இறந்த பிறகு, மிஞ்சிய 201 பேரும் ஆட்டத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று வாக்களிக்கிறார்கள். நூறுக்கு நூறு என்று நிற்கும்போது, 001 எண் அணிந்த முதியவரின் வாக்கால் ஆட்டம் நிற்கிறது. (அவரைப் பற்றி இதற்கு மேல் வாய் திறக்க மாட்டேன், இன்னும் பார்க்காதவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள்.) வீடு திரும்பியவர்களில் பெரும்பாலோர் வெளியுலகத்தைத் தாங்கமுடியாமல் தாமாகவே தீவுக்குத் திரும்பும் அந்த இரண்டாம் பகுதிதான், என்னைக் கேட்டால், இந்தத் தொடரின் உயிர்நாடி. துப்பாக்கியைக் கண்டு வராத நடுக்கம், அழைப்பு அட்டையை மீண்டும் எடுத்துப் பார்க்கும் அந்தக் கைகளைக் கண்டபோது வந்தது.

அப்போது மணி பன்னிரண்டரை. தூங்கப் போகலாம் என்று மனைவி வாக்களித்தாள். தொடரலாம் என்று நான் வாக்களித்தேன். ஒன்றுக்கு ஒன்று. செய்தித்தாள் மெதுவாகத் தாழ்ந்தது. "அந்த வடகொரியப் பெண்ணின் தம்பியை அனாதை இல்லத்தில் விட்டிருக்கிறார்களே, அவன் கதி என்னவென்று தெரியாமல் எப்படியடா தூங்குவது?" என்றார் அப்பா. ஆட்டம் தொடர்ந்தது.

ஆறாம் பகுதியில் கோலிக்குண்டு ஆட்டம் வந்தபோது, தன்னை அண்ணனைப் போல் நம்பிய பாகிஸ்தானியத் தொழிலாளி அலியை, சக ஆட்டக்காரன் சாங் வூ ஏமாற்றுகிறான். பைக்குள் குண்டுகளுக்குப் பதிலாகக் கூழாங்கற்களைப் போட்டுக் கொடுத்துவிட்டு நழுவுகிறான். அப்பா தாளை மடித்துத் தொடையில் ஓங்கி அடித்தார். சிறுவயது முதல் நன்றாகப் படித்த பிள்ளைகளையே எனக்கு உதாரணம் காட்டிவந்தவர் அவர். "சாங் வூ சோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் படித்தவன், அப்பா" என்று பணிவோடு தெரிவித்தேன். இப்படியொரு வாய்ப்புக்காக நான் முப்பது ஆண்டுகள் காத்திருந்தேன்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். தங்க முகமூடி அணிந்த செல்வந்தர்கள் வந்து ஆங்கிலத்தில் உளறத் தொடங்கியதும் பதற்றமெல்லாம் வடிந்துபோனது. இரண்டாம் பருவத்தில் ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் வாக்கெடுப்பு வைத்து, முதல் பருவத்தில் கத்தியாக இருந்ததை அலுவலகக் கூட்டமாக்கிவிட்டார்கள். போதாக்குறைக்குக் கிளர்ச்சியின் நடுவிலேயே பருவத்தை முடித்து நம்மை அந்தரத்தில் விட்டார்கள்.

மறுநாள்தான் வினை தொடங்கியது. சர்க்கரையைக் கரண்டியில் உருக்கி, சோடா மாவைச் சிட்டிகை சேர்த்துக் கலக்கி, தட்டையாக ஊற்றி, மேலே உருவம் பதித்தால், தொடரில் ஓர் ஆட்டமாக வரும் தல்கோனா என்ற கொரிய மிட்டாய் ஆயிற்று. அங்கே அந்த உருவத்தை உடையாமல் ஊசியால் பெயர்த்தெடுக்கப் பத்து நிமிடம் தருவார்கள். வேர்த்து வழிந்தபடி நாயகன் மிட்டாயின் பின்புறத்தை நக்கும் காட்சியைப் பார்த்தால், நாயகனாக நடித்த லீ ஜங் ஜேவுக்கு 2022இல் எம்மி விருது கொடுத்தது நியாயமே என்று தோன்றும். நான் சோடா மாவைச் சேர்க்க மறந்துவிட்டதால், வந்தது தல்கோனா அல்ல, கருங்கல். முதல் பருவத்தை எடுத்த மன உளைச்சலில் தமக்கு ஆறு பற்கள் விழுந்ததாக இயக்குநர் ஹ்வாங் டோங் ஹ்யூக் சொல்லியிருக்கிறார். எனக்கு ஒரே கடியில் ஒரு கடைவாய்ப்பல் ஆடியது.

இரண்டாம் முறை சரியாக வந்தது. நான் ஆசைப்பட்டுக் குடையைத் தேர்ந்தெடுத்தேன்; மூன்றாம் நிமிடத்தில் அதன் கைப்பிடி சட்டென்று முறிந்தது. மனைவி தோசைத் திருப்பியை என் நெற்றிக்கு நேராக நீட்டி, "டுமீல்" என்றாள். அப்பா மட்டும் நட்சத்திரத்தோடு செய்தித்தாளுக்குப் பின்னால் மறைந்திருந்தார். தாளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த சப்தத்தை வைத்து அவர் ஊசியை நம்பவில்லை என்பது தெரிந்தது. ஒன்பதாம் நிமிடத்தில் முழு நட்சத்திரத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் பரிசுத்தொகை எவ்வளவு என்று கேட்டார்.

அடிப்பகுதி தார்போல் கருகிக் கிடந்த கரண்டியை மனைவி எடுத்துக் காட்டி, இதைத் தேய்ப்பது யார் என்று வாக்கெடுப்பு நடத்தினாள். "மாமா, நீங்கள் வெற்றி பெற்றவர், உங்களுக்கு விலக்கு உண்டு" என்று முன்கூட்டியே ஓர் அறிவிப்பும் செய்தாள். இம்முறை சமநிலை ஏற்படவில்லை. இரண்டுக்கு ஒன்று.