திருநெல்வேலி போர்டுகள்ல ஒரு கறுப்பு முகத்தைத் தேடி

நேத்து ராத்திரிதான் திருச்சி வந்து சேந்தேன், கால் வலி இன்னும் போகல, ஆனா மனசுல இருக்கிற கோவம் ஆறுறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்துட்டேன். ரெண்டு நாள், ஒரு பழைய கேமரா, ஒரு போன், திருநெல்வேலில கண்ணுல படுற விளம்பர போர்டெல்லாம் போட்டோ எடுக்கணும், அதுல எத்தனை முகம் நம்ம கலர்ல இருக்குன்னு எண்ணணும், அவ்ளோதான் பிளான். எங்க தங்கினேன், போட்டோ எப்படி எடுக்கணும்னு கடைசில சொல்றேன்.

முதல்ல அந்த ஆட்டோ. புது பஸ் ஸ்டாண்டுல விடியக்காலைல இறங்கினா வண்ணார்பேட்டைக்கு 300 ரூவாயாம். பக்கத்துல இருக்கிற இடத்துக்கு! "காலைல இந்த நேரத்துக்கு வேற வண்டி கிடைக்காதுக்கா"ன்னு சொல்லிட்டே பேக்கை எடுத்து உள்ள வெச்சுட்டார். பையைத் திருப்பி வாங்கிட்டு டவுன் பஸ்ல ஏறினேன். 2021லேர்ந்து சாதா டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாது, தனியா ஊர் சுத்துற என்னை மாதிரி ஆளுக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு சொல்லித் தெரியணுமா. ரெண்டு நாளும் ஊருக்குள்ள பஸ்ஸுக்கு ஒத்த ரூவா செலவாகல.

வண்ணார்பேட்டைல பெரிய பெரிய கடை, அதுக்கு மேல பெரிய பெரிய போர்டு. பட்டுச்சேலை பொண்ணு, நகை பொண்ணு, பியூட்டி பார்லர் பொண்ணு, ஆஸ்பத்திரி போர்டுல சிரிக்கிற அம்மா, ஸ்கூல் அட்மிஷன் போர்டுல நிக்கிற குழந்தை, எல்லாரும் ஒரே கலர். கீழ சிக்னல்ல நிக்கிற சனம் வேற கலர். அங்கேர்ந்து ஜங்ஷன் போற வழில தாமிரபரணி மேல சுலோச்சன முதலியார் பாலம் இருக்கு, 1843ல திறந்தது, முதலியார் கைக்காசு போட்டுக் கட்டினது, அவர் சம்சாரம் தன் நகையெல்லாம் கழட்டிக் குடுத்தாங்கன்னு ஊர்ல இன்னும் சொல்றாங்க. பாலத்துக்குப் போற ரோட்டுலதான் கழுத்து தெரியாம நகை போட்ட ஒரு வெள்ளைப் பொண்ணு போர்டைப் பாத்தேன், கொஞ்ச நேரம் அங்கயே நின்னுட்டேன்.

ஒரு கடை வாசல்ல செக்யூரிட்டி வந்து "என்னத்துக்கு எடுக்கிய, போட்டோவ அழிங்க"ன்னு சத்தம் போட்டார். நான் நின்னது ரோட்டுல, எடுத்தது ஊரே பாக்கணும்னு மாட்டின போர்டை. அழிக்கல. இதை நினைச்சா இப்பவும் எரிச்சலா வருது.

டவுன்ல ஒரு பெட்டிக்கடைல வெளிறிப்போன ஒரு தகர போர்டு, ஃபேர் அண்ட் லவ்லின்னு பழைய பேரோட அப்படியே தொங்குது. 1975ல வந்த கிரீம், 2020ல ‘ஃபேர்’ங்கிற வார்த்தையை எடுத்துட்டு க்ளோ அண்ட் லவ்லின்னு மாத்தினாங்க. அதுக்கு முன்னாடியே 2014ல விளம்பரத் தர கவுன்சில், கறுப்பா இருக்கிறவங்களை சோகமா, மட்டமா காட்டக்கூடாதுன்னு விதி போட்டாச்சு. சரிதான், இப்ப யாரும் அப்படி காட்டுறதில்ல. கறுப்பா இருக்கிறவங்களையே காட்டுறதில்ல!

ஆனா எனக்கு வயிறு எரிஞ்சது கம்பெனி போர்டைப் பாத்து இல்ல, நம்மாளுங்க நாமளே அடிச்சு மாட்டுற ஃப்ளெக்ஸைப் பாத்து. கல்யாணம், காதுகுத்து, பொண்ணு வயசுக்கு வந்த சடங்கு, பொறந்தநாள், எல்லாத்துலயும் முகம் வெளுத்திருக்கு. கறுப்பு காந்தின்னு பேர் வாங்கின காமராஜரையே ஒரு பேனர்ல ரோஸ் கலர் ஆக்கி வெச்சிருந்தாங்க. ரெண்டு நாள்ல 214 போட்டோ, அதுல சொந்த கலர்ல இருந்த முகம் பெரும்பாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்லதான். செத்ததுக்கு அப்புறம்தான் நம்ம கலரை நமக்கு விட்டுக்குடுக்குறாங்க.

அது எப்படி நடக்குதுன்னு பாக்கணும்னே ஜங்ஷன் பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்குள்ள போனேன். தம்பி ஒருத்தர் கம்ப்யூட்டர் முன்னாடி, பின்னாடி ஒரு அண்ணாச்சி, கூட பன்னெண்டு பதிமூணு வயசுப் பொண்ணு. அவளோட சடங்கு பேனர்தான். தம்பி முகத்தை மட்டும் வளைச்சு செலக்ட் பண்ணி ஒரு இழு இழுத்தார், வெளுத்துருச்சு. கழுத்து ஒரு கலர், முகம் ஒரு கலர். அப்புறம் கழுத்து, அப்புறம் கை. வளையலுக்கு நடுவுல மட்டும் பழைய கலர் கோடு கோடா நின்னுச்சு. அண்ணாச்சி குனிஞ்சு பாத்துட்டு, "இன்னுங் கொஞ்சம் ஏத்துடே, மாமன் வீட்டு ஆளுவல்லாம் வருவாவ"ன்னார். கெட்ட மனுஷன் இல்ல, மக நல்லா தெரியணும்னு ஆசை, அந்தப் பாசம் முகத்துலயே தெரிஞ்சுது. அதான் எனக்குத் தாங்கல. கடைசியா தம்பி கன்னத்துல இருந்த மச்சத்தை ஒரு கிளிக்ல துடைச்சார். அதுவரைக்கும் வாயே திறக்காத பொண்ணு, "அண்ணே, மச்சத்த எடுக்காதிய"ன்னா. தம்பி அவளைத் திரும்பிப் பாத்தார், பேசாம மச்சத்தைத் திருப்பிக் கொண்டாந்தார்.

மத்தியானம் ஒரு சின்ன மெஸ்ல சொதி சாப்பாடு. தேங்காப்பால்ல காய் வெந்து, பாசிப்பருப்பு கரைஞ்சு, எலுமிச்சை புளிப்பு லேசா ஏறி, தொட்டுக்க இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு சிப்ஸும், அடடா, மூணு தடவை சோறு வாங்கினேன். 120 ரூவா, இன்னொரு 120 குடுத்தாலும் தகும். என் கேமராவைப் பாத்து விசாரிச்ச மெஸ் அக்கா, "காந்தலே ருசி, கறுப்பே அழகுன்னு எங்க ஆச்சி சொல்லுவா, ஆனா பொண்ணு பாக்க வாரவன் அதக் கேக்க மாட்டேங்கானே"ன்னாங்க. சாயங்காலம் டவுன்ல கூட்டத்துல நின்னு சுடச்சுட இலைல அல்வா வாங்கித் தின்னதை எழுத ஆரம்பிச்சா இது முடியாது.

மறுநாள் கிருஷ்ணாபுரம், திருச்செந்தூர் ரோட்டுல பன்னெண்டு பதிமூணு கிலோமீட்டர். முதல்ல வந்த பஸ் "அங்கல்லாம் நிக்காது"ன்னு ஏத்தவே இல்ல, வெயில்ல முக்கா மணி நேரம் போச்சு. ஆனா அந்த வெங்கடாசலபதி கோயில் மண்டபத்துக்குள்ள போனதும் எல்லாம் மறந்துருச்சு. நாயக்கர் காலத்து சிற்பம். அன்னத்து மேல ரதி, ராஜகுமாரனைத் தோள்ல தூக்கிட்டு ஓடுற குறத்தி, அவ தொடை என்ன, தோள் என்ன, விரல் நகம் வரைக்கும் செதுக்கியிருக்கான். அந்தக் கல்லு நிறம் நம்ம நிறம். ஊருக்கே அழகின்னு ரதியை நிறுத்தி வெச்சவனுக்கு அவளை வெளுக்கணும்னு தோணல. அங்க கேமராவை வெளிய எடுக்கல, சும்மா நின்னு பாத்துட்டு வந்தேன்.

ரூம் ஜங்ஷன்ல 650, தண்ணி நல்லா வந்துச்சு. ஃப்ளெக்ஸ் எடுக்கிறதா இருந்தா எட்டு மணிக்கு முன்னாடி எடுத்துருங்க, வெயில் ஏறினா பளபளன்னு அடிச்சு ஒண்ணும் தெரியாது. போன்ல பியூட்டி மோடை மறக்காம ஆஃப் பண்ணுங்க, அதுவும் முகத்தை வெளுக்குது.

திரும்பி பஸ் ஸ்டாண்டுக்குப் போறப்ப ஜன்னல் வழியா அந்த சடங்கு பேனரைப் பாத்தேன், ஒரு மண்டப வாசல்ல கட்டிட்டு இருந்தாங்க. சின்னப் பொண்ணு, அதனால போட்டோ எடுக்கல. முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்துச்சு. வலது கன்னத்துல மச்சம் இருந்துச்சு.