காரணம் சரி, முறை தவறு

பிரித்தானியாவில் ஆட்குறைப்புக்கு ஆளாகும் நம்மவர் பலர், கம்பெனிக்கு உண்மையிலேயே நட்டம் என்றால் வழக்குக்கு இடமேது என்று எண்ணி, கொடுத்த தொகையை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். நட்டம் உண்மையாக இருந்தும் பணிநீக்கம் நியாயமற்றதாக இருக்கலாம்.

இதை நிலைநாட்டியது அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை 1987இல் தீர்த்த போல்கி வழக்கு. ஒரு நிறுவனம் தன் நான்கு வேன் ஓட்டுநர்களுக்குப் பதிலாக இரண்டு வேன் விற்பனையாளர்களையும் ஒரு பிரதிநிதியையும் வைத்துக்கொள்ளத் தீர்மானித்தது. நால்வரில் ஒருவரே புதிய வேலைக்குத் தோதானவர் என்று கருதியது. முன்கூட்டி ஒரு வார்த்தையும் சொல்லாமல், மற்ற மூவரில் ஒருவரான போல்கியை அலுவலகத்துக்குள் அழைத்து, வேலை போய்விட்டது என்று அறிவித்து, சேர வேண்டிய தொகை பற்றிய கடிதத்தைக் கையில் கொடுத்து, சக ஓட்டுநர் ஒருவரோடு வண்டியில் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அவரை இறக்கிவிட்டுத் திரும்பிய அந்த ஓட்டுநருக்கும் வேலை போயிருந்தது.

கலந்து பேசியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்று சொல்லிக் கீழமை மன்றங்கள் இதை நியாயமான நீக்கமாகவே ஏற்றன. பிரபுக்கள் அவையோ, நீக்கிய நேரத்தில் முதலாளி நியாயமாக நடந்துகொண்டாரா என்பதே கேள்வி என்றது. பேசுவது வீண் என்று அப்போதே நியாயமாகக் கருதத்தக்க அபூர்வமான நிலைமை தவிர, பிறகு கண்டுபிடிக்கும் சமாதானம் நீக்கத்தை நியாயமாக்காது. இழப்பீட்டைக் குறைக்க மட்டுமே உதவும்.

அந்தக் குறைப்பில்தான் எனக்கு மனத்தாங்கல். எப்படியும் வேலை போயிருக்கும் என்று தீர்ப்பாயம் கருதினால், வென்ற வழக்கிலும் கைக்கு வருவது சொற்பமாகிவிடுகிறது. முறைமீறலுக்கு இன்ன விலை என்று முதலாளி முன்னதாகவே கணக்குப் போட்டுவிடலாம். பி அண்ட் ஓ ஃபெரீஸ் 2022 மார்ச்சில் ஏறத்தாழ 800 கப்பல் பணியாளர்களைப் பதிவுசெய்த காணொளி மூலம் நீக்கியது. சட்டப்படி தொழிற்சங்கங்களுடன் கலந்து பேசியிருக்க வேண்டும் என்பதையும், தெரிந்தே அதைத் தவிர்த்ததையும் அதன் தலைமை அதிகாரி நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார்.

ஆயினும் கலந்தாய்வு வெறும் சடங்கல்ல. யாரை யாரோடு ஒப்பிட்டார்கள், நீக்க வேண்டியவரைத் தேர்ந்தெடுக்க எந்த அளவுகோலால் மதிப்பெண் போட்டார்கள், மாற்று வேலை தேடினார்களா என்பதையெல்லாம் முடிவு உறுதியாகும் முன்பே கேட்டு மறுக்கும் வாய்ப்பு அங்கேதான் உண்டு. மதிப்பெண் தாளில் விற்பனைத் தொகையோ வருகைப் பதிவோ சரிபார்க்கக்கூடியது. 'மனப்பான்மை' என்ற கட்டத்தில் மேலாளர் போட்ட இரண்டு மதிப்பெண்ணை எதை வைத்துச் சரிபார்ப்பது? இந்தக் கட்டத்தாலேயே ஒருவர் கழிக்கப்படலாம். ஆகவே முதல் கூட்டத்திலேயே உங்கள் மதிப்பெண் தாளையும், ஒவ்வொரு மதிப்பெண்ணுக்குமான ஆதாரத்தையும் எழுத்தில் கேளுங்கள்; மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்திலேயே வாங்கி வையுங்கள்.